ஓவர்டேக்ல எது துணிச்சல், எது அடாவடி: தீர்ப்பு சொல்ல எந்த முறை சரிப்பட்டு வரும்?

ரேஸ்ல ஒருத்தர் கடைசி நேரத்துல உள்பக்கம் மூக்கை நுழைச்சு, ரெண்டு காரும் உரசி, ஒண்ணு ட்ராக்கை விட்டு வெளிய போச்சுன்னா போதும், பாக்குறவங்க உடனே ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுவாங்க. ஒரு கட்சி இதுதான்டா ரேசிங்னு சொல்லும், இன்னொரு கட்சி இது ரவுடித்தனம், பெனால்டி குடுன்னு கத்தும். ரெண்டு பேர் கையிலயும் பழைய ரேஸ் உதாரணம் நிறைய இருக்கு, அதனால அந்தச் சண்டை ஓயவே ஓயாது. ரசிகர்களுக்கு அது பரவாயில்ல. ஆனா ரேஸ் நடத்துறவங்க, அது ஃபார்முலா ஒன்னைக் கட்டுப்படுத்துற உலக அமைப்பான எஃப்ஐஏவா இருந்தாலும் சரி, வாராவாரம் சிம் ரேசிங் (கம்ப்யூட்டர்ல ஓட்டுற ரேஸ்) லீக் நடத்துற நாலு நண்பர்களா இருந்தாலும் சரி, சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு முறையை முடிவு பண்ணி வச்சாகணும். சம்பவம் நடந்தப்புறம் யார் நமக்குப் பிடிச்ச டிரைவர்னு பாத்து முடிவு பண்ணா அது தீர்ப்பே கிடையாது.

உலகத்துல இப்ப நடைமுறைல இருக்குற முறைங்களைப் பாத்தா சுமாரா நாலு வழி தெரியுது. கண்டுக்காம விட்டுடறது, ஏபெக்ஸ்ல (வளைவோட உள் ஓரத்தைக் கார் தொடுற இடத்துல) யார் எங்க இருந்தாங்கன்னு அளந்து சொல்றது, டிரைவரோட நோக்கத்தைப் பாக்குறது, அப்புறம் ட்ராக்கையே நீதிபதியா உக்கார வைக்கிறது. எதுவுமே தனியா நின்னு வேலை செய்யாதுன்றது என் கருத்து, ஆனா எல்லாத்துக்கும் ஒரே மதிப்பும் கிடையாது, எதை அடிப்படையா வைக்கிறது எதை துணைக்கு வைக்கிறதுன்றதுதான் முடிவு பண்ண வேண்டிய விஷயம்.

அதுக்கு முன்னாடி நான் எதை வச்சு அளக்குறேன்னு சொல்லிடறேன். ஒரு மூவைப் பாத்தா நான் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: அந்த மூவ் தப்பாப் போயிருந்தா அடி யாருக்கு? லேட்டா பிரேக் பிடிச்சவருக்கே அந்த ரிஸ்க்னா, அவரு வைடா போயி இடத்தை இழப்பாரு இல்ல டயரை லாக் பண்ணி கெடுத்துக்குவாருன்னா, அது எவ்வளவு ஆக்ரோஷமா இருந்தாலும் நியாயம். எதிர்ல இருக்குறவர் கடைசி நொடில ஸ்டியரிங்கைத் திருப்பி தப்பிச்சாதான் ரெண்டு பேரும் பிழைப்பாங்கன்னா, அந்த ரிஸ்க்கை அடுத்தவன் தலைல கட்டிட்டு லாபத்தை மட்டும் தான் எடுத்துக்குறாருன்னு அர்த்தம். இதுல ஒரு சிக்கலும் இருக்கு, மறைக்க விரும்பல. எந்த ஓவர்டேக்கா இருந்தாலும் எதிராளி கொஞ்சம் இடம் விட்டாதான் முடியும், யாருமே இடம் விடலைன்னா ஒரு ஓவர்டேக்கும் நடக்காது. அதனால பாக்க வேண்டியது நேரத்தை. அவரு திரும்ப ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நீ பக்கத்துல வந்துட்டா, அவரு கண்ணாடில உன்னைப் பாத்து லைனை மாத்திக்க முடியும். அவரு திரும்பினதுக்கு அப்புறம் நீ எங்கிருந்தோ பாய்ஞ்சு வந்து நின்னா, அவருக்கு யோசிக்க நேரமே இல்ல.

இதைப் புரிஞ்சிக்க 2024 பாகு ஃபார்முலா ஒன் ரேஸை எடுத்துக்கலாம், நான் பாத்ததுல நல்ல டைவ் (கடைசி நேரத்துல உள்பக்கம் பாயறது)னு சொன்னா முதல்ல அதுதான் ஞாபகம் வருது. லெக்லர் முன்னாடி, பியாஸ்ட்ரி பின்னாடி, 20வது லேப். பாகுவோட நேர்கோடு 2 கிலோமீட்டருக்கும் மேல, அதோட முடிவுல 90 டிகிரில ஒரு லெஃப்ட், அங்க வேகம் 300க்கு மேல இருந்து நூத்தி சொச்சத்துக்கு இறங்கணும். பியாஸ்ட்ரி நல்லா தள்ளித்தான் இருந்தாரு, அந்தத் தூரத்துல இருந்து யாரும் வரமாட்டாங்கன்னுதான் பாக்குறவங்க நினைச்சிருப்பாங்க. லெக்லர் உள்பக்கத்தைப் பெருசா மூடல. பியாஸ்ட்ரி உள்ள விட்டாரு. இப்ப கவனிங்க, லெக்லர் திரும்புறதுக்கு முன்னாடி பியாஸ்ட்ரியோட ஆரஞ்சு கார் பக்கத்துல வந்தாச்சு, ஏபெக்ஸைத் தொட்டாச்சு, வெளிய வரும்போது ட்ராக்குக்குள்ளயேதான் இருந்துச்சு, உரசல் கூட இல்ல. பிரேக்கிங் ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் தப்பியிருந்தா நேரா எஸ்கேப் ரோட்டுக்குப் போயிருப்பாரு, நஷ்டம் முழுக்க அவருக்குத்தான். அப்புறம் மீதி முப்பது லேப்புக்கு மேல லெக்லர் விடாம துரத்தியும் இடத்தைக் குடுக்கல, ரேஸையும் ஜெயிச்சாரு. ஆக்ரோஷம்னா இதை விட ஆக்ரோஷம் இருக்க முடியாது, ஆனா தீர்ப்பு சொல்ற அதிகாரியான ஒரு ஸ்டீவர்டுக்கும் வேலை வைக்கல.

சரி, முதல் வழி. கண்டுக்காம விடறது, ரேசிங் இன்சிடென்ட்னு ஃபைலை மூடுறது. இந்த முறைக்கு வாதாடுறவங்க எல்லாரும் 1979 டிஜான் ரேஸைக் காட்டுவாங்க, காட்டுறதும் நியாயம்தான். ஜபூய் ரெனோல ஜெயிச்சுட்டு போயிட்டாரு, டர்போ இன்ஜினுக்கு ஃபார்முலா ஒன்ல அதுதான் முதல் வெற்றி, ஆனா அந்த ரேஸ்னா இன்னிக்கும் எல்லாரும் பேசுறது ரெண்டாவது இடத்துக்கு ஜில் வில்நெவும் அர்னூவும் போட்ட சண்டையைத்தான். கடைசி லேப்கள்ல சக்கரத்தோட சக்கரம் மோதி, ஒருத்தர் வெளிய போயி, திரும்ப வந்து, மறுபடி மோதி. பெனால்டி இல்ல, புகார் இல்ல, இறங்கினதும் ரெண்டு பேரும் சிரிச்சுட்டே பேசினாங்க. அது அவ்வளவு அழகா இருந்ததுக்குக் காரணம் சட்டம் இல்லாததுதான்னு சொல்றவங்ககிட்ட எனக்கு உடன்பாடு இல்ல. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முழுசா நம்பினாங்க, அடுத்தவன் என்னைச் சுவத்துல அடிக்க மாட்டான்னு ரெண்டு பேருக்கும் தெரியும், அதனாலதான் அது அழகு.

அந்த நம்பிக்கை போச்சுன்னா இதே முறை என்ன ஆகும்ன்றதுக்கு சுசுகா இருக்கு. 1989ல சிகேன்ல (அடுத்தடுத்து திரும்புற குறுகலான வளைவுல) செனாவும் ப்ராஸ்ட்டும் மோதி நின்னாங்க, செனா மார்ஷல்ங்க தள்ளிவிட்டு கிளம்பி ஜெயிச்சாரு, அப்புறம் டிஸ்குவாலிஃபை ஆனாரு, ப்ராஸ்ட் சாம்பியன். அடுத்த வருஷம் 1990, அதே சுசுகா, முதல் வளைவுலயே செனா நேரா போயி ப்ராஸ்ட் மேல விட்டாரு, ரெண்டு பேரும் அவுட், செனா சாம்பியன், பெனால்டி கிடையாது. ஒரு வருஷம் கழிச்சு வேணும்னுதான் பண்ணேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. செனாவைக் கொண்டாடுறவங்க நிறைய பேர் இருக்கீங்க, அவரு திறமை மேல எனக்கும் மரியாதை உண்டு, ஆனா அந்த வளைவு 200 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போற இடம், பின்னாடி இருபத்து சொச்சம் கார் வருது, அதை ஓவர்டேக் முயற்சின்னு கூட என்னால சொல்ல முடியல. கண்டுக்காம விடற முறை டிஜானையும் காப்பாத்தும், சுசுகாவையும் காப்பாத்தும். அதனால இதை அடிப்படையா வைக்க முடியாது.

பைக் ரேஸ்ல இந்த முறை ரொம்ப நாள் ஓடுச்சு. 2005 ஹெரெஸ், கடைசி லேப், கடைசி வளைவு, ராஸி உள்ள பாய்ஞ்சு ஜிபெர்னாவை இடிச்சாரு, ஜிபெர்னா ட்ராக் ஓரத்துல இருக்குற கிராவலுக்கு (கல் பரப்புக்கு) போனாரு, ராஸி ஜெயிச்சாரு, தண்டனை இல்ல. ஜிபெர்னா ரெண்டாவதா வந்துட்டாருன்றதால பலரும் அதை ஒரு கிளாசிக்கா ஞாபகம் வச்சிருக்காங்க. ஆனா காருக்கும் பைக்குக்கும் உள்ள வித்தியாசத்தை மறக்கக் கூடாது, கார்ல உரசினா விங் உடையும், பைக்ல உரசினா எலும்பு உடையும். 2011 லெ மான்ஸ்ல சிமோன்செல்லி பெட்ரோசாவை வெளிப்பக்கமா முந்தி குறுக்க வந்தப்ப பெட்ரோசா கீழ விழுந்து காலர் எலும்பு போச்சு, சிமோன்செல்லிக்கு ரைடு-த்ரூ (பிட் லேன் வழியா மெதுவா போயிட்டு வர்ற தண்டனை) குடுத்தாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒண்ணுக்குப் பாராட்டு, ஒண்ணுக்குத் தண்டனை. விழுந்தாரா விழலையான்றதை எடுத்துட்டா ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் மிச்சம் இருக்கு? எனக்குப் பெருசா தெரியல.

ரெண்டாவது வழிதான் இப்ப ஃபார்முலா ஒன்ல நடக்குறது, எழுதி வச்ச அளவுகோல். இதோட சாரம் இதுதான்: உள்பக்கம் முந்துறவருக்கு ஏபெக்ஸுக்கு முன்னாடியும் ஏபெக்ஸ்லயும் முன் அச்சு எதிராளியோட கண்ணாடி அளவுக்காவது வந்திருக்கணும், காரு கட்டுப்பாட்டுல இருக்கணும், பாய்ஞ்சு வந்திருக்கக் கூடாது, ட்ராக்குக்குள்ளயே வளைவை முடிக்கணும். வெளிப்பக்கம் முந்துறவருக்கு இன்னும் கடினம், ஏபெக்ஸ்ல அவரோட முன் அச்சு எதிராளியோட முன் அச்சை விட முன்னாடி இருக்கணும். இதெல்லாம் நிறைவேறுச்சுன்னா அவருக்கு இடம் விட்டாகணும், இல்லைன்னா விடணும்னு கட்டாயம் இல்ல. ரொம்ப நாள் இது டிரைவருக்கும் டீமுக்கும் மட்டும் தெரிஞ்ச தாளா இருந்துச்சு, 2025 ஜூன்லதான் எஃப்ஐஏ பொதுவுல வெளியிட்டுச்சு. அதை நான் மனசார வரவேற்கிறேன், எந்தச் சட்டத்தை வச்சுத் தீர்ப்பு சொல்றாங்கன்னே தெரியாம ஜனங்க இத்தனை வருஷம் சண்டை போட்டுட்டு இருந்தாங்க.

இந்த முறையோட பலம் என்னன்னா எல்லாருக்கும் ஒரே அளவு. கார்லயே இருக்குற ஆன்போர்டு கேமரா வீடியோவை ஏபெக்ஸ்ல நிறுத்தி, சக்கரம் எங்க இருக்குன்னு பாத்தா பாதி வேலை முடிஞ்சுது. பலவீனம் என்னன்னா எழுதி வச்ச கோடு எங்க இருக்குன்னு தெரிஞ்சா டிரைவருங்க அந்தக் கோட்டுக்குத் தகுந்த மாதிரி ஓட்ட ஆரம்பிச்சிடுவாங்க, அவங்க வேலையே அதுதானே. 2024 ஆஸ்டின்ல நடந்தது இதுதான். கடைசி சில லேப், மூணாவது இடத்துக்குச் சண்டை, நீளமான நேர்கோட்டு முடிவுல 12வது வளைவு. நாரிஸ் வெளிப்பக்கமா வந்து பிரேக்கிங் ஆரம்பிக்கிற இடத்துலயே முன்னாடி வந்துட்டாரு. உள்பக்கம் இருந்த வெர்ஸ்டாப்பன் பிரேக்கை இன்னும் தள்ளிப் பிடிச்சாரு, அதனால ஏபெக்ஸ்ல அவரு கார் முன்னாடி, ஆனா அந்த வேகத்துல அவராலயே ட்ராக்குக்குள்ள திரும்ப முடியல, ரெண்டு பேரும் வெளிய போனாங்க, நாரிஸ் வெளிய இருந்தே முந்திட்டு வந்தாரு. தீர்ப்பு என்ன? ஏபெக்ஸ்ல நாரிஸ் பின்னாடி இருந்தாரு, ட்ராக்குக்கு வெளிய முந்தினாரு, 5 செகண்ட் பெனால்டி. மூணாவதா கோட்டைத் தாண்டினவரு நாலாவது ஆனாரு. நாரிஸோட டீம் மெக்லாரன் மறு ஆய்வு கேட்டாங்க, அதுவும் நிக்கல.

நான் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப பாத்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் கோபம்தான் வருது. தாளை வச்சுப் பாத்தா ஸ்டீவர்ட்ஸ் சொன்னதுல தப்பு கண்டுபிடிக்கிறது கஷ்டம். ஆனா நான் முன்னாடி சொன்ன கேள்வியைக் கேட்டுப் பாருங்க, வெர்ஸ்டாப்பன் பிரேக்கை விட்டதுக்கான விலையை யார் குடுத்தா? அவரும் வெளிய போனாரு, ஆனா கீழ தாரு ரோடு, ஒரு நஷ்டமும் இல்ல, கூடவே நாரிஸையும் வெளிய இழுத்துட்டுப் போயிட்டாரு. ஏபெக்ஸை முதல்ல தொட்டவருக்கு வளைவு சொந்தம்னு எழுதினா, வளைவைத் திரும்பி முடிக்கிற கடமை காணாமப் போயிடுது. ஒரு வாரம் கழிச்சு மெக்ஸிகோல அதே ரெண்டு பேர், அதே மாதிரி சண்டை, அங்க வெர்ஸ்டாப்பனுக்கு ஒரே லேப்ல ரெண்டு சம்பவத்துக்கு 10, 10ன்னு மொத்தம் 20 செகண்ட். ட்ராக்குக்குள்ள முடிக்கணும்ன்ற வரிதான் இந்த மொத்த விதில எனக்கு உயிர்நாடியா தெரியுது, லீக் நடத்துறவங்க வேற எதை விட்டாலும் அதை விடாதீங்க. தாக்குறவருக்கு மட்டும் இல்ல, டிஃபெண்ட் பண்றவருக்கும் அதே வரி பொருந்தணும்.

மூணாவது வழி, நோக்கத்தைப் பாக்குறது. கேக்க நல்லா இருக்கும், வேணும்னு இடிச்சவனைத் தூக்கு, தெரியாம இடிச்சவனை விடுன்னு. நடைமுறைல ரொம்ப வழுக்கும். 1994 அடிலெய்டுல ஷூமாக்கர் சுவத்துல தட்டிட்டு திரும்ப ட்ராக்குக்கு வந்து, உள்ள நுழைஞ்ச டேமன் ஹில்லோட மோதினாரு, ரெண்டு பேரும் ரிட்டயர், ஷூமாக்கர் 1 பாயிண்ட்ல சாம்பியன், நடவடிக்கை இல்ல. 1997 ஹெரெஸ்ல உள்ள வந்த ஜாக் வில்நெவ் பக்கம் காரைத் திருப்பி இடிச்சாரு, இந்தத் தடவை அவருதான் கிராவல்ல மாட்டினாரு, வில்நெவ் மூணாவதா முடிச்சு சாம்பியன் ஆனாரு, எஃப்ஐஏ ஷூமாக்கரை அந்த சீசன் பட்டியல்ல இருந்தே எடுத்துச்சு. ரெண்டு மூவுக்கும் மனசுல என்ன ஓடுச்சுன்றது அவருக்கு மட்டும்தான் தெரியும். நோக்கத்தை அடிப்படையா வச்சா, நல்லா நடிக்கத் தெரிஞ்சவன் தப்பிப்பான், இன்டர்வியூல உண்மையைச் சொன்னவன் மாட்டுவான்.

ஆனா இப்ப டேட்டா நிறைய வந்துருச்சு, அதனால இந்த வழியை முழுசா தூக்கிப் போடவும் மனசு வரல. 2021 ஜெத்தால ஹாமில்டனுக்கு இடத்தைத் திருப்பிக் குடுக்க வேகம் குறைச்ச வெர்ஸ்டாப்பன் திடீர்னு பிரேக் போட்டாருன்னு ஸ்டீவர்ட்ஸ் சொன்னது வெறும் ஊகத்துல இல்ல, பிரேக் பிரஷர் 69 பார், 2.4ஜி வேகக்குறைப்புன்னு கார் சென்சார்ல பதிவான டெலிமெட்ரி எண்ணையே தீர்ப்புல எழுதினாங்க. 2024 ஆகஸ்ட்ல நாஸ்கார் ரிச்மண்ட் ரேஸ் இன்னும் பெரிய உதாரணம். கடைசி லேப்ல ஆஸ்டின் டில்லன் முதல்ல லோகானோவைப் பின்னாடி இருந்து இடிச்சு சுத்திவிட்டாரு, அடுத்து ஹாம்லினோட பின்பக்கத்தைத் தட்டி சுவத்துக்கு அனுப்பிட்டு ஜெயிச்சாரு. நாஸ்கார்ல பம்பர் தட்டி வழி பண்ணிக்கிறது பாரம்பரியம், லேசா தட்டி எதிராளி லைனை விட்டு நகர்ந்தா முந்துறதை அங்க யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, அதை நானும் தப்புன்னு சொல்ல வரல, எல்லாரும் ஒத்துக்கிட்ட விளையாட்டு அது. ஆனா இது தட்டுறது இல்ல, ரெண்டு பேரை அடுத்தடுத்து தூக்கி எறியறது. நாஸ்கார் என்ன பண்ணுச்சுன்னா, வெற்றியை வெற்றியாவே விட்டுட்டு, அந்த வெற்றியால கிடைச்சிருக்க வேண்டிய ப்ளேஆஃப் (சாம்பியனை முடிவு பண்ற கடைசிக் கட்டம்) தகுதியைப் பிடுங்கிடுச்சு. ரேடியோல பேசின ஸ்பாட்டருக்கும் (உயரத்துல இருந்து பாத்து டிரைவருக்கு வழி சொல்றவருக்கும்) சஸ்பென்ஷன். எந்த லாபத்துக்காகப் பண்ணாரோ அதைக் கைல வச்சுக்க விடலன்றது எனக்கு ரொம்பப் பிடிச்ச அணுகுமுறை. நோக்கம்ன்றதை சாதாரண சம்பவத்துக்கெல்லாம் இழுக்காம, இந்த மாதிரி ரேடியோவும் டேட்டாவும் சேர்ந்து பேசுற பெரிய கேஸுக்கு மட்டும் ஒதுக்கி வைக்கணும்.

நாலாவது வழி, ட்ராக்கே தண்டனை குடுக்கட்டும். 2023 ஆஸ்திரியா ரேஸ்ல ட்ராக் லிமிட்ஸ் (ட்ராக் எல்லைக் கோடு) மீறலா இருக்கலாம்னு பாக்க வேண்டிய சம்பவம் 1,200க்கு மேல வந்துச்சு, ரேஸ் முடிஞ்சு பல மணி நேரம் கழிச்சு 8 டிரைவருங்களுக்குப் பெனால்டி போட்டு ரிசல்ட்டையே மாத்தினாங்க. அடுத்த வருஷம் கடைசி வளைவுகளோட வெளிப்பக்கத்துல ஒரு பட்டை கிராவல் போட்டாங்க, பிரச்சனை பெருமளவு அடங்குச்சு. ஒரு டிரைவருக்கு அறிவுரை சொல்றதை விட அவரு டயருக்குக் கீழ கல்லைப் போடறது சீக்கிரம் புரிய வைக்கும். ஆஸ்டின்ல அந்த 12வது வளைவுக்கு வெளிய கிராவல் இருந்திருந்தா வெர்ஸ்டாப்பன் அவ்வளவு லேட்டா பிரேக் பிடிச்சிருப்பாரான்னு யோசிச்சுப் பாருங்க. தன்னோட ரிஸ்க் தன்கிட்டயே திரும்பி வரும்.

அமெரிக்காவோட லகுனா செகா ட்ராக்ல கார்க்ஸ்க்ரூன்னு ஒரு இடம், மேட்டுல இருந்து சடார்னு லெஃப்ட்-ரைட்டா கீழ விழுற வளைவு. 1996ல ஸனார்டி கடைசி லேப்ல ப்ரையன் ஹெர்ட்டாவை அங்கதான் உள்ள பாய்ஞ்சு முந்தினாரு, காரு நிக்காம அந்தப் பக்கம் மண்ணுல ஏறி இறங்கி ஜெயிச்சுருச்சு. 2008ல பைக் ரேஸ்ல ராஸி ஸ்டோனரை அதே இடத்துல, மண்ணுல இறங்கி. 2013ல மார்க்கேஸ் அதே ராஸியை அதே மாதிரி. மூணுமே வரலாறாயிடுச்சு, மூணுக்கும் தண்டனை இல்ல, மூணு பேரும் அந்த ரேஸை ஜெயிச்சாங்க. எனக்கு இந்த மூணும் பாக்கப் பிடிக்கும், ஆனா ட்ராக்குக்கு வெளிய போயி முந்தினா இடத்தைத் திருப்பிக் குடுக்கணும்ன்ற விதியை இன்னிக்கு நேர்மையா போட்டா மூணுமே செல்லாது. நமக்குப் பிடிச்ச மூவ்ன்றதுக்காக விதியை வளைச்சா அடுத்த வாரம் பிடிக்காத டிரைவருக்கு என்ன பதில் சொல்றது? இந்த இடத்துல நான் ரசனையை விட்டுட்டு விதி பக்கம்தான் நிப்பேன்.

ட்ராக் வழில குறையும் உண்டு. கிராவல் பாதிக்கப்பட்டவனையும் சேர்த்துத்தான் விழுங்கும், தள்ளிவிட்டவன் தாருலயே நின்னுட்டு தள்ளப்பட்டவன் கல்லுல மாட்டுறது அடிக்கடி நடக்கும். 2019 ஆஸ்திரியால மூணாவது வளைவுல வெர்ஸ்டாப்பன் உள்பக்கம் பாய்ஞ்சு லெக்லரை வெளிய தள்ளி ஜெயிச்சப்ப, 71 லேப்ல 69வது லேப் அது, வெளிய கிராவல் இருந்திருந்தா லெக்லருக்கு ரெண்டாவது இடமும் போயிருக்கும். அந்த ரேஸ் முடிஞ்சு மணிக்கணக்கா யோசிச்சு ஸ்டீவர்ட்ஸ் ரேசிங் இன்சிடென்ட்னு சொன்னாங்க. நான் அதை ஏத்துக்கல, உள்பக்கம் வந்தது முழுக்க நியாயம், முன்னாடியே பக்கத்துல வந்துட்டாரு, ஆனா வளைவை விட்டு வெளிய வரும்போது லெக்லர் ஆவியாயிடணும்ன்ற மாதிரி லைனை வச்சாரு. உள்ள வர்றதுக்கு ஒரு அளவு, வெளிய வர்றதுக்கு ஒரு அளவுன்னு ரெண்டையும் தனித்தனியா பாக்கணும்ன்றதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது. அப்புறம் ஒரே ட்ராக்ல பைக்கும் ஓடணும், காரும் ஓடணும்னா ஓரத்துல எதை வைக்கிறதுன்றதும் சுலபமான முடிவு இல்ல.

இப்ப தண்டனை பக்கம். யார் தப்புன்னு சரியா சொல்லிட்டு தப்பான தண்டனையைக் குடுத்தா மொத்தமும் வீண். 2021 சில்வர்ஸ்டோன், முதல் லேப், காப்ஸ் வளைவு, ஹாமில்டனோட முன் சக்கரம் வெர்ஸ்டாப்பனோட பின் சக்கரத்துல பட்டு, வெர்ஸ்டாப்பன் 51ஜி அடியோட தடுப்புல போயி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாரு. ஹாமில்டனுக்கு 10 செகண்ட். அதையும் அனுபவிச்சுட்டு ஹாமில்டன் ஜெயிச்சாரு. ரெண்டு மாசத்துல மொன்ஸால ரெண்டு பேரும் மோதி வெர்ஸ்டாப்பன் கார் ஹாமில்டன் தலை மேல ஏறுச்சு, டிரைவர் தலைக்கு மேல இருக்குற ஹேலோன்ற பாதுகாப்பு வளையம்தான் காப்பாத்துச்சு, அதுக்கு வெர்ஸ்டாப்பனுக்கு அடுத்த ரேஸ்ல 3 இடம் பின்னாடி. ஸ்டீவர்ட்ஸ் விளைவைப் பாக்க மாட்டோம், செயலை மட்டும்தான் பாப்போம்னு சொல்றது வழக்கம். அந்தக் கொள்கை எனக்கு சரின்னுதான் படுது, அதிர்ஷ்டத்தை வச்சுத் தண்டனை குடுக்கக் கூடாது, பைக் ரேஸ்ல ஹெரெஸும் லெ மான்ஸும் வச்சு மேல சொன்ன குறையே அதுதானே. ஆனா செகண்ட் கணக்குல தண்டனைன்னா, வேகமான காருக்கு அது ஒரு கட்டணம் மாதிரி ஆயிடுது, கட்டிட்டு போயிடறாங்க. பின்னாடி 15 செகண்ட் இடைவெளி இருக்குறவனுக்கு 5 செகண்ட் ஒண்ணுமே இல்ல, ட்ரெயின் மாதிரி ஒட்டி ஓடுற கார் வரிசைல மாட்டினவனுக்கு அதே 5 செகண்ட்ல ஆறு இடம் போயிடும்.

அதனால இடத்தைத் திருப்பிக் குடுக்குறதுதான் முதல் தண்டனையா இருக்கணும்னு நான் சொல்றேன். அநியாயமா எடுத்ததைத் திருப்பிக் குடு, அதோட ரேஸ் தொடரட்டும், பாதிக்கப்பட்டவனுக்கும் அவன் இழந்தது அங்கயே கிடைக்குது. மோட்டோஜிபில 2019ல கொண்டு வந்த லாங் லேப் பெனால்டியும் நல்ல யோசனை, வளைவுக்கு வெளிய குறிச்சு வச்ச நீளமான பாதைல போயிட்டு வரணும், நஷ்டம் சில செகண்டுதான், ஆனா ரேஸுக்குள்ளயே முடிஞ்சிரும், பாக்குறவங்க கண்ணுக்கும் தெரியும், ராத்திரி ரிசல்ட் மாறாது. சிம் லீக்ல பிட் லேன் ட்ரைவ்-த்ரூவை விட இதுதான் பல சம்பவத்துக்கு அளவான தண்டனை.

இடத்தைத் திருப்பிக் குடுக்குறதுல ஒரே ஒரு நிபந்தனை, அதைச் சொல்ல வேண்டியது ரேஸ் கன்ட்ரோல், அதுவும் சீக்கிரம், தெளிவா. 2025 ஸ்பெயின்ல ரஸ்ஸலோட முதல் வளைவுல சண்டை வந்தப்ப பெனால்டி வந்துருமோன்னு டீமே வெர்ஸ்டாப்பன்கிட்ட இடத்தைக் குடுத்துடுன்னு சொல்லுச்சு, அவரு கடுப்பாகி வேகத்தைக் குறைச்சு அப்புறம் ரஸ்ஸல் பக்கத்துல வந்ததும் இடிச்சாரு, 10 செகண்ட் பெனால்டில அஞ்சாவதுல இருந்து பத்தாவதுக்குப் போனாரு, லைசென்ஸ் பெனால்டி பாயிண்ட் 11 ஆச்சு. 12 மாசத்துல 12 வந்தா ஒரு ரேஸ் தடை. இடிச்சது முழுக்க அவரு தப்பு, அதுல மாத்துக் கருத்து இல்ல, ஆனா குடுக்கணுமா வேண்டாமான்ற முடிவை டீம் ஊகத்துக்கு விட்டதும் அந்தக் குழப்பத்துல பங்கு. அந்த பாயிண்ட் முறைலயும் எனக்கு முழு திருப்தி இல்ல, 2024ல மாக்னுசன் மொன்ஸால காஸ்லியோட உரசினதுல 12ஐ எட்டி அடுத்த ரேஸ்ல உக்கார வேண்டியதாயிடுச்சு, காஸ்லியே அதுக்கு இவ்வளவு தண்டனை வேணாம்னு சொன்னாரு. சின்ன சின்ன உரசலும் வேணும்னு இடிச்சதும் ஒரே உண்டியல்ல விழக் கூடாது.

ஆக என் முடிவு இப்படி. அடிப்படை, எழுதி வச்ச அளவுகோல், பொதுவுல எல்லாரும் படிக்கிற மாதிரி. அதுல ஏபெக்ஸைத் தூக்கிப் பிடிக்காம, திரும்ப ஆரம்பிக்கும்போது எவ்வளவு பக்கத்துல இருந்தாரு, வளைவை ட்ராக்குக்குள்ள முடிச்சாரா, வெளிய வரும்போது ஒரு கார் அகலம் விட்டாரா, இந்த மூணுக்கும் கூடுதல் எடை. அதுக்குத் துணையா முடிஞ்ச இடத்துல எல்லாம் கிராவல் பட்டை. தண்டனைன்னா முதல்ல இடத்தைத் திருப்பிக் குடு, அது முடியலைன்னா லாங் லேப், அதுவும் பத்தலைன்னாதான் செகண்ட் கணக்கு. நோக்கம்ன்ற பேச்சை ரேடியோவோ டெலிமெட்ரியோ தெளிவா காட்டுற கேஸுக்கு மட்டும். முதல் லேப்ல, முதல் ரெண்டு வளைவுல மட்டும் கண்டுக்காம விடற முறைக்குக் கொஞ்சம் இடம் குடுக்கலாம், இருபது கார் ஒரே இடத்துல குவியும்போது மில்லிமீட்டர் கணக்கு பாக்குறது நியாயமே இல்ல. சின்ன லீக்ல இதுக்கெல்லாம் ஆள் இல்லைன்னா, சம்பந்தப்பட்ட ரெண்டு பேரும் இல்லாத மூணு பேர் ரீப்ளேவைப் பாத்து மெஜாரிட்டில முடிவு பண்ணுங்க, ரெண்டு கார் ஆன்போர்டும் பாருங்க, டிவி கேமரா ஆங்கிளை மட்டும் நம்பாதீங்க, தூரத்துல இருந்து பாத்தா எல்லா டைவும் கொலைவெறி மாதிரிதான் தெரியும்.

கடைசி லேப் மட்டும் தனியா யோசிக்க வேண்டிய விஷயம், ஏன்னா அங்க இடத்தைத் திருப்பிக் குடுக்க நேரம் இல்ல. அதனாலதான் கடைசி வளைவுல எல்லாருக்கும் தைரியம் வந்துடுது. அங்க மட்டும், இடிச்சு எடுத்த இடம்னு ஸ்டீவர்ட்ஸ் முடிவு பண்ணா, ரிசல்ட்ல நேரடியா இடிச்சவரை இடி வாங்கினவருக்குப் பின்னாடி வைக்கணும், அவரு எத்தனையாவதா முடிச்சிருந்தாலும் சரி, இடி வாங்கினவரு கிராவல்ல மாட்டி ரேஸை முடிக்கவே முடியலைன்னா அந்த ரேஸுல இடிச்சவருக்கும் பாயிண்ட் கிடையாது. கொஞ்சம் கடுமைதான், தெரிஞ்சேதான் சொல்றேன். இதை சீசன் தொடங்குற டிரைவர் மீட்டிங்லயே எல்லார்கிட்டயும் சொல்லி கையெழுத்து வாங்கிட்டா போதும். பியாஸ்ட்ரி பாகுல பண்ண மாதிரி ஒரு டைவை இந்த விதி தொடவே தொடாது, கடைசி லேப்ல பண்ணியிருந்தாலும்.